பிட்காயின் விலையின் ஏற்றத் தாழ்வும் சிறு சேமிப்பாளரின் சிக்கனமும்

கைபேசி இல்லாத வீடு கிராமங்களில் இன்று அருகிவிட்டது. அதன் வழியே விதை விலையும் வானிலை அறிக்கையும் வந்து சேர்வது போலவே, பிட்காயின் என்ற ஒரு பொருளைப் பற்றிய செய்தியும் வந்து சேருகின்றது. “நூறு ரூபாய் இருந்தாலும் வாங்கலாம், இன்று வாங்கினால் நாளை பெருகும்” என்று சொல்வோர் பலர். கேட்பவர்களோ பெரும் செல்வர்கள் அல்லர். பால் விற்ற பணத்தில் மிச்சம் பிடிப்பவர்களும், மகளிர் சுயஉதவிக் குழுவில் வாரந்தோறும் சேமிப்பவர்களும், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் தொகையைக் காப்பவர்களுமே ஆவர். இத்தகையோர் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடம் வந்து யோசனை கேட்பது இயல்பு. ஆகவே இப்பொருள் இன்னதென்றும், இதன் விலை இவ்வாறு ஏறி இறங்கக் காரணம் யாதென்றும் சிறிது விரிவாக விளக்குவோம்.

2008ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் ஒரு சிறு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் உண்மையில் யார் என்பது இன்றளவும் வெளிப்படவில்லை. எந்த அரசாங்கமும் எந்தப் பாங்கும் நடுவில் நில்லாமல், ஒருவர் மற்றொருவருக்குக் கணிப்பொறி மூலமாகவே பணம் செலுத்தும் வழி ஒன்றை அக்கட்டுரை கூறியது. 2009ஆம் ஆண்டு ஜனவரியில் அம்முறை நடைமுறைக்கு வந்தது. அதுவே பிட்காயின். அதனைப் பின்பற்றித் தோன்றிய பல்லாயிரம் நாணயங்களைச் சேர்த்துக் கிரிப்டோ நாணயங்கள் என்கிறார்கள்.

நாணயம் என்று சொன்னாலும் கையில் பிடிக்கத்தக்க உலோகமோ தாளோ அங்கு இல்லை. இருப்பது ஒரு கணக்குப் பேரேடு மட்டுமே. நம் கிராமத்தின் அடங்கல் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரே இடத்தில் இருக்கிறது. அதே அடங்கலின் பிரதி உலகெங்கும் பல்லாயிரம் வீடுகளில் இருப்பதாகவும், ஒரு வீட்டில் யாரேனும் ஒரு வரியைத் திருத்தினால் மற்ற வீடுகள் அதை ஒப்புக்கொள்ள மறுப்பதாகவும் எண்ணிப் பாருங்கள். பிட்காயினின் பேரேடு அத்தகையது. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை அதில் ஒரு புதிய பக்கம் சேர்க்கப்படுகிறது. பக்கத்தைச் சேர்க்கும் உரிமைக்காகக் கணிப்பொறிகள் போட்டியிட்டுப் பெருமளவு மின்சாரத்தைச் செலவிடுகின்றன. வென்றவருக்குப் புதிய பிட்காயின்கள் கூலியாகக் கிடைக்கின்றன. தொடக்கத்தில் பக்கம் ஒன்றுக்கு 50 நாணயங்களாக இருந்த இக்கூலி, 2012, 2016, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் பாதி பாதியாகக் குறைந்து இப்பொழுது 3.125 ஆக நிற்கிறது. மொத்தம் 2.1 கோடி நாணயங்களுக்கு மேல் எக்காலத்தும் உண்டாகா என்பது விதி. அவற்றுள் 1.9 கோடிக்கு மேற்பட்டவை ஏற்கெனவே வெளிவந்துவிட்டன.

ஒரு பிட்காயினைப் பத்துக் கோடி கூறுகளாகப் பிரிக்கலாம். அக்கூறு ஒன்றுக்குச் சதோஷி என்றே பெயர். ஒரு பிட்காயினின் விலை 80 லட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நூறு ரூபாய்க்கு 1,250 சதோஷிகள் வரும். சிறு சேமிப்பாளரை இப்பொருள் ஈர்ப்பதற்கு இவ்வசதி ஒரு முக்கிய காரணமாகும்.

விலை குதிப்பதன் காரணம்

விலை ஏற்றத் தாழ்வு என்பது விவசாயிகளுக்குப் புதியதன்று. ஈரோட்டுச் சந்தையில் 2010ஆம் ஆண்டு மஞ்சள் விலை உச்சத்திற்குச் சென்றதையும், அதைக் கண்டு பலரும் மஞ்சள் பயிரிட, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் விலை சரிந்ததையும் அப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். சின்ன வெங்காயத்தின் கதையும் அதுவே. இங்கே ஒரு நியதி உண்டு. விலை ஏறினால் பயிரிடும் பரப்புப் பெருகும். பரப்புப் பெருகினால் வரத்துப் பெருகும். வரத்துப் பெருகினால் விலை தணியும். விலை மிகவும் தாழ்ந்தாலோ, பயிரிடுவோர் குறைந்து மறுபடியும் விலை எழும். எவ்வளவு தாழ்ந்தாலும் வெங்காயத்தை உண்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதும் ஒரு தாங்கல்.

பிட்காயினில் இந்நியதி செல்லாது. விலை பத்து மடங்கு உயர்ந்தாலும், நாளொன்றுக்குப் புதிதாக வெளிவருவது சுமார் 450 நாணயங்களே. போட்டியிடும் கணிப்பொறிகள் கூடினால், இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை போட்டிக் கணக்கின் கடினத்தைத் தானாகவே கூட்டி, வரத்தை அதே அளவில் நிறுத்திவிடும் ஏற்பாடு அதனுள்ளேயே அமைந்திருக்கிறது. ஆகவே வாங்க வருவோரின் எண்ணிக்கை மாறும்போது, அம்மாற்றம் முழுவதையும் விலை ஒன்றே தாங்க வேண்டியதாகிறது. மடையே இல்லாத ஏரியில் மழை பெய்தால் நீர்மட்டம் எவ்வாறு எழுமோ அவ்வாறு விலை எழுகிறது.

மேலும், நிலத்திற்கு விளைச்சலும் குத்தகையும் உண்டு. கம்பெனிப் பங்குக்கு லாப ஈவு உண்டு. வைப்புத் தொகைக்கு வட்டி உண்டு. இவற்றைக் கொண்டு ‘இப்பொருள் இவ்வளவு பெறும்’ என்று ஒருவாறு மதிப்பிடலாம். பிட்காயின் விளைவதும் இல்லை, ஈவதும் இல்லை. வருங்காலத்தில் மற்றொருவர் அதிக விலைக்கு வாங்குவார் என்ற எதிர்பார்ப்பே அதன் விலைக்கு ஆதாரம். தங்கமும் அவ்வாறுதானே என்று சிலர் கேட்பர். ஓரளவு உண்மையே. எனினும் தங்கத்திற்கு நம் நாட்டில் மாத்திரம் எத்தனை தலைமுறை வழக்கமும், நகைத் தேவையும், அவசரத்திற்கு அடகு வைக்கும் வசதியும் இருக்கின்றன என்பதை நாம் அறிவோம்.

விலை குதிப்பதற்கு மற்றொரு பெரிய காரணம் கடன் வாங்கிச் செய்யும் வியாபாரம். நகைக்கடனில் தங்கத்தின் விலை மிகவும் சரிந்தால், பாங்கு கூடுதல் ஈடு கேட்கும் என்பது பலருக்கும் தெரிந்ததே. கிரிப்டோ சந்தைகளில் தன் பணம் ஒரு பங்கு, கடன் ஒன்பது பங்கு என்று வைத்து வாங்குவோர் உண்டு. விலை பத்தில் ஒரு பங்கு இறங்கினால் அவருடைய சொந்தப் பணம் முழுவதும் போயிற்று. ஈடு கேட்டுக் காத்திருக்கும் வழக்கம் அங்கு இல்லை. இயந்திரமே அக்கணத்தில் நாணயத்தை விற்றுவிடும். அவ்விற்பனையால் விலை மேலும் இறங்கும். அது அடுத்தவரை விற்கச் செய்யும். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று இவ்வாறு ஒரே நாளில் சுமார் 1,900 கோடி டாலர் பெறுமான கடன் வியாபாரங்கள் கலைக்கப்பட்டன. இச்சந்தைக்கு இரவு இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. நாம் உறங்கும் வேளையில் எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

இனி நடந்த சரிவுகளைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டு இறுதியில் 1,100 டாலருக்கு மேல் இருந்த பிட்காயின், 2015 ஜனவரியில் 200 டாலருக்குக் கீழே போயிற்று. 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கியது, ஓராண்டிற்குள் 3,200 டாலரளவில் வந்து நின்றது. 2020 மார்ச் 12 அன்று ஒரே நாளில் ஏறக்குறையப் பத்தில் நான்கு பங்கு விழுந்தது. 2021 நவம்பரில் 69,000 டாலர். மறு ஆண்டு நவம்பரில் 16,000க்கும் கீழ். 2024 டிசம்பரில் முதன்முறையாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டிற்று. 2025 அக்டோபரில் 1,26,000 டாலரையும் தொட்டு, அடுத்த மாதமே 90,000க்குக் கீழே இறங்கியது.

ஒவ்வொரு முறையும் மீண்டும் எழுந்ததல்லவா என்று இதைக் கொண்டே வாதிப்போர் பலர். பிட்காயினின் முந்தைய சரிவுகளைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் ஒரு சிறு கணக்கை மறக்கலாகாது. நூறு ரூபாய் இருபதாகச் சுருங்கினால் இழப்பு நூற்றுக்கு எண்பது. அந்த இருபது திரும்ப நூறாவதற்கு எண்பது சதவீதம் ஏறினால் போதாது, ஐந்து மடங்காக வேண்டும். 2017 டிசம்பரில் உச்ச விலைக்கு வாங்கியவர் தம் முதலைத் திரும்பக் காண மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. மூன்று ஆண்டுகள் காத்திருக்கக் கூடியவர் யார்? பட்டணத்தில் மாதச் சம்பளம் பெறுபவர் ஒருவேளை காத்திருக்கலாம். நடவுக்கும் உரத்திற்கும் கூலிக்கும் குறித்த மாதத்தில் பணம் வேண்டிய குடியானவர், விலை கிடந்த இடத்தில் விற்றே தீர வேண்டும்.

சிக்கனம் என்னும் சாதனம்

இந்நாணயத்தைச் சேர்ப்போர் அனைவரும் சூதாடிகள் என்று எண்ணிவிடக் கூடாது. மேலை நாடுகளிலும் நம் நகரங்களிலும் இவர்களுள் ஒரு சாரார் வியக்கத்தக்க சிக்கனக்காரர்கள். ஹோட்டல் சாப்பாட்டை விட்டு வீட்டில் சமைத்து உண்கிறார்கள். பழைய வாகனத்தையே பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். இவ்வாறு மிஞ்சும் சிறு தொகையை வாரந்தோறும் அல்லது மாதந்தோறும், விலை எதுவாயினும் கவலையுறாமல், நாணயமாக மாற்றி வைக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு மே 22 அன்று அமெரிக்காவில் ஒருவர் இரண்டு பீட்சாக்களுக்குப் பதிலாக 10,000 பிட்காயின்களைக் கொடுத்தார் என்ற செய்தியை இவர்கள் அடிக்கடி எடுத்துக் கூறுவார்கள். செலவழித்தவன் கெட்டான், வைத்திருந்தவன் வாழ்ந்தான் என்பது அவர்கள் கருத்து. பணம் என்று படைக்கப்பட்ட பொருளைச் செலவழிக்க அதன் அன்பர்களே அஞ்சுகிறார்கள் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கிற்று. அதற்கான கைபேசிப் பையைத் திறப்போருக்கு 30 டாலர் இனாமும் தந்தது. இனாமைப் பெற்றவர்களுள் பெரும்பாலோர் பிறகு அதைப் பயன்படுத்தவில்லை. 2025 ஜனவரியில் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர்கள் அதை ஏற்க வேண்டிய கட்டாயத்தை நீக்கிவிட்டது.

குறித்த காலத்தில் குறித்த தொகைக்கு வாங்கும் முறையில் உண்மையான ஒரு நன்மை உண்டு. ஒருவர் மாதம் 500 ரூபாய் வீதம் நான்கு மாதம் வாங்குகிறார் என்போம். ஒரு கூறின் விலை முதல் மாதம் 100, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் மாதம் 25, நான்காம் மாதம் 50 ரூபாய். அவருக்கு முறையே 5, 10, 20, 10 ஆக 45 கூறுகள் சேரும். அவற்றின் மதிப்பு 2,250 ரூபாய். 2,000 ரூபாயையும் முதல் மாதமே போட்டவரிடம் 20 கூறுகள் இருக்கும். மதிப்பு 1,000 ரூபாய். விலை முதலில் இருந்ததில் பாதியாக இருக்கும்போதே முன்னவர் லாபத்தில் இருக்கிறார், பின்னவர் பாதியை இழந்து நிற்கிறார்.

இவ்வளவும் விலை மீண்டு எழுந்தால்தான். எழாவிடில், குறைந்த விலையில் நிறைய வாங்கியதெல்லாம் நிறைய இழந்ததாகவே முடியும். இதற்கு லூனா என்ற நாணயம் சான்று. அதனுடன் பிணைக்கப்பட்ட மற்றொரு நாணயம் எப்பொழுதும் ஒரு டாலர் பெறும் என்றும், அதை வைப்பாக இட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதளவு வட்டி உண்டு என்றும் சொல்லப்பட்டது. தென் கொரியாவிலும் பிற நாடுகளிலும் சிறு சேமிப்பாளர் பலர் அதை நம்பினர். 2022 மே மாதத் தொடக்கத்தில் 80 டாலருக்கு விற்ற லூனா, இரண்டு வாரங்களுக்குள் ஒரு காசும் பெறாத பொருளாயிற்று. அழிந்த மதிப்பு சுமார் 4,000 கோடி டாலர். அதே ஆண்டு நவம்பரில் எப்.டி.எக்ஸ். என்ற பெரிய நாணயச் சந்தை நொடித்தது. வாடிக்கையாளரின் பணத்தை வேறு காரியங்களுக்குத் திருப்பிய குற்றத்திற்காக அதன் நிறுவனர் 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

சிறு சேமிப்பாளர் எப்பொழுது வந்து சேருகிறார் என்பதையும் நோக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 95 நாடுகளில் 2015 முதல் 2022 வரை கைபேசி மூலம் இச்சந்தையில் நுழைந்தோரைப் பற்றி ஆராய்ந்தனர். விலை ஏறிய பின்னரே புதியவர்கள் கூட்டமாக வருகிறார்கள். அவர்கள் வாங்கும் அதே வேளையில் பெரிய கைகள் விற்கின்றன. வந்தவர்களுள் ஏறத்தாழ நால்வரில் மூவர் நஷ்டமடைந்திருக்கக் கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. சந்தை ஓய்ந்த பின் சரக்கு கொண்டுபோகும் வியாபாரியின் நிலை இது.

சிக்கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீண் செலவைக் குறைப்பது சிக்கனம். கறவை மாட்டின் தீவனத்தையும், பயிர்க் காப்பீட்டுப் பிரிமியத்தையும், குழந்தையின் பாலையும் குறைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று. அது முதலைத் தின்பதாகும். நாணயத்தின் விலை ஏறிவரும் நாட்களில் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதம் 500 ரூபாய் மிச்சம் பிடிக்கும் குடும்பத்திற்கு அத்தொகையால் வரும் பெரிய பயன், மருத்துவச் செலவோ மழைத் தவறுதலோ நேரும்போது கந்துவட்டிக்காரரின் வாசலுக்குப் போகாதிருப்பதே. நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறு. அக்கடனைத் தவிர்ப்பதால் கிடைக்கும் லாபம் நிச்சயமானது. ஆதலால் ஒரு பருவச் சாகுபடிக்கும் ஆறு மாத வீட்டுச் செலவுக்கும் வேண்டிய தொகை தபாலாபீசிலோ பாங்கிலோ இருக்கும் வரையில், கிரிப்டோ நாணயத்தில் ஒரு ரூபாயும் இடாதிருப்பதே தக்கது என்பது எம் கருத்து. அதற்கு மேலும் மிஞ்சி, முழுவதும் போனாலும் குடும்பம் கலங்காது என்ற நிலையில் உள்ளவர், ஒரு சிறு பகுதியை இடுவது அவரவர் விருப்பம்.

தபாலாபீஸ் சேமிப்புக்கு மத்திய அரசாங்கத்தின் உத்தரவாதம் உண்டு. பாங்கு வைப்புக்கு ஒரு பாங்கில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. (தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வைப்புகள் இக்காப்பீட்டில் அடங்கா என்பதைப் பலர் அறியார்.) கிரிப்டோ நாணயத்திற்கு இவ்விரண்டும் இல்லை. அன்றியும், நாணயத்தைத் தாமே வைத்திருப்போர் 12 அல்லது 24 சொற்கள் கொண்ட ஒரு இரகசியத் தொடரைக் காக்க வேண்டும். அது தொலைந்தால் நாணயமும் தொலைந்தது. உடையவர் திடீரெனக் காலமானால், வாரிசுச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டுவதற்கு ஒரு அலுவலகமும் இல்லை. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஒருவர் சுமார் 8,000 பிட்காயின்களின் திறவுகோல் அடங்கிய கணிப்பொறித் தட்டு 2013ஆம் ஆண்டில் குப்பையோடு போய்விட, பல்லாண்டுகளாக அந்தக் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வழக்காடினார். அனுமதி கிடைக்கவில்லை.

நம் நாட்டுச் சட்ட நிலை

ரிசர்வ் பாங்கு 2013 டிசம்பரிலேயே பொதுமக்களை எச்சரித்தது. 2018 ஏப்ரலில், பாங்குகள் இவ்வியாபாரத்திற்குத் துணை செய்யக் கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தது. 2020 மார்ச் 4 அன்று சுப்ரீம் கோர்ட் அச்சுற்றறிக்கையை ரத்து செய்தது. ஆகவே வாங்குவதும் விற்பதும் குற்றமன்று. ஆனால் அது செல்லுபடியாகும் பணமும் அன்று. கடைக்காரரோ பஞ்சாயத்து அலுவலகமோ அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. 2022 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் பாங்கு பொதுமக்களிடையே சோதனை முறையில் வெளியிட்டு வரும் டிஜிட்டல் ரூபாய் வேறு பொருள். அது நம் ரூபாயே; அதன் மதிப்பு ஏறாது, இறங்காது. இரண்டையும் ஒன்றெனக் காட்டி ஏமாற்றுவோரிடம் எச்சரிக்கை தேவை.

வரி பற்றிப் பலருக்கும் தெளிவில்லை. 2022 ஏப்ரல் முதல், இந்நாணயங்களை விற்றுப் பெறும் லாபத்தில் நூற்றுக்கு 30 வருமான வரி. அதன் மேல் மேல்வரியும் உண்டு. வேறு வருமானம் குறைவாக இருந்தாலும் இவ்விகிதம் குறையாது. விவசாய வருமானத்திற்கு வரி இல்லையே என்று எண்ணி இதையும் மறைத்துவிட முடியாது. ஒரு நாணயத்தில் 10,000 ரூபாய் லாபமும் மற்றொன்றில் 10,000 ரூபாய் நஷ்டமும் வந்தால், கையில் நின்றது ஒன்றுமில்லை என்றாலும் லாபத்திற்கு 3,000 ரூபாய் வரி கட்டியே ஆக வேண்டும். நஷ்டத்தை அதில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டிற்குக் கொண்டுபோகவும் முடியாது. 2022 ஜூலை முதல், ஒரு வரம்புக்கு மேற்பட்ட விற்பனைகளில் தொகையில் நூற்றுக்கு ஒன்று முன்கூட்டியே பிடித்தம் செய்யப்படுகிறது. இவற்றோடு சந்தையின் கட்டணமும் சேருவதால், சிறு தொகையை அடிக்கடி வாங்கி விற்பவர் விலை ஏறாமலே தேய்ந்துபோவார்.

2023 மார்ச் முதல் இந்நாணயச் சந்தைகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டு, மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்துகொள்ள வேண்டியவை ஆயின. பதிவு என்பது பணத்திற்கு உத்தரவாதம் ஆகாது. 2024 ஜூலையில் நம் நாட்டுச் சந்தையான வஸீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவு போயின. வாடிக்கையாளர் தம் இருப்பை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தனர்.

கிராமங்களுக்கு நேரில் வந்து சேரும் ஆபத்து பெரும்பாலும் பிட்காயினன்று. அதன் பெயரால் நடக்கும் வசூல். கெயின்பிட்காயின் என்ற திட்டம் மாதம் நூற்றுக்குப் பத்து வீதம் 18 மாதம் தருவதாகச் சொல்லி நாடெங்கும் பணம் திரட்டியது. அதை நடத்தியவர் 2018இல் கைது செய்யப்பட்டார். இத்தகைய திட்டங்களின் அடையாளம் ஒன்றே: குறித்த வட்டி, புதியவரைச் சேர்த்தால் கமிஷன், மண்டபத்தில் விருந்தோடு கூட்டம். அழைப்பவர் பெரும்பாலும் அயலாராக இரார். மாமனாகவோ மைத்துனனாகவோ பக்கத்துத் தெரு ஆசிரியராகவோ இருப்பார். அவரும் ஏமாந்தவரே என்பது பின்னால்தான் தெரியவரும். விலை நாள்தோறும் ஏறி இறங்கும் ஒரு பொருளை வைத்துக்கொண்டு மாதந்தோறும் ஒரே வட்டி எவ்வாறு தர இயலும் என்று கூட்டத்தில் எழுந்து ஒருவர் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இப்படி அனுமதியின்றி வைப்புத் திரட்டுவதை 2019ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. நம் மாநிலத்தில் 1997ஆம் ஆண்டு முதலே வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டம் ஒன்று அமலில் உள்ளது. புகார்களைப் போலீஸ் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரிக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், குறிப்பாக அறுவடைப் பணம் கைக்கு வரும் காலத்தை ஒட்டிய கூட்டத்தில், இதனைப் பேசுபொருளாக வைத்துக்கொள்ளலாம். கைபேசி வழியே பணம் பறிபோனதாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்திற்குள் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த பாங்குக் கணக்கை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. நாணயமாக மாற்றப்பட்டு வெளிநாடு சென்றுவிட்ட பின் அதைப் பின்தொடர்வது மிகவும் அரிது. அழைக்கும்போது பாங்குக் கணக்கு எண், பணம் சென்ற தேதி, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருத்தல் வேண்டும்.